ஒரு பாத்தி, நான்கு அடிகள்: மோசமான பருவத்தில் வீட்டுத் தோட்ட ஸ்ட்ராபெர்ரி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்ட்ராபெர்ரியில் சேதம் கண்ணில் படும் நாளும் அது உண்டான நாளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இன்று பழத்தில் தெரியும் சாம்பல் பூசணம், பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன், பூ விரிந்திருந்தபோது பெய்த மழையின் வேலை. கோடையின் கடைசியில் பூவே இல்லாமல் நிற்கும் செடி, மூன்று நான்கு வாரம் முன்பு அடித்த வெயிலைக் காட்டுகிறது. வசந்தத்தில் பூங்கொத்துகள் குறைந்திருந்தால், போன இலையுதிர் காலத்தில் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் போனதா என்று கேட்க வேண்டும். வீட்டுத் தோட்டங்களில் நடக்கும் தப்பான வைத்தியம் பலவும் இந்த நாள் கணக்கைப் போடாததால்தான் வருகிறது. பழம் அழுகிய பிறகு மருந்து தெளிக்கிறோம். பூ நின்ற பிறகு உரம் போடுகிறோம். இரண்டும் பயன் தராது. இரண்டாவது கெடுதலும் செய்யும்.

அதனால் ஒரு மாதிரிப் பாத்தியை எடுத்துக்கொண்டு, ஒரே வருடத்தில் நான்கு வகையான கெட்ட வானிலை அதன்மேல் வந்தால் என்ன நடக்கும், எது எப்போது வெளியே தெரியும், எந்த நாளில் என்ன செய்திருந்தால் தப்பியிருக்கும் என்று வரிசையாகப் பார்ப்போம். பூக்கும் நேரத்தில் உறைபனி, அதைத் தொடர்ந்து ஒரு வார மழை, பிறகு வெப்ப அலை, கடைசியில் உறைந்தும் உருகியும் ஆட்டிவைக்கும் குளிர்காலம். பாத்தி கற்பனை, அளவுகளும் செடி நடந்துகொள்ளும் விதமும் உண்மையானவை.

பாத்தி

1.2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம்: 3 சதுர மீட்டர். தரையிலிருந்து 25 செ.மீ. உயர்த்திய மேட்டுப்பாத்தி. அதை நிரப்ப ஏறத்தாழ 750 லிட்டர் மண்கலவை வேண்டும்: தோட்டமண் 450, நன்றாக மட்கிய உரம் 200, கரடான மணல் 100. கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை. நடுவதற்கு முன், தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 10 சதவீதமுள்ள 10-10-10 கலப்புரம் சதுர மீட்டருக்கு 50 கிராம் வீதம் 150 கிராம், மேல்மண்ணில் கிளறிவிட வேண்டும். தழைச்சத்தை இதற்குமேல் அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பழம் மெத்தென்றாகும், பூசணத்துக்கு வழி திறக்கும்.

மூன்று வரிசை, வரிசைக்கு 8 செடி, மொத்தம் 24. வரிசைக்கு வரிசை 35 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இரண்டு வரிசையில் அல்பியன்: பகல் நீளத்தைப் பார்க்காமல், வெப்பம் இடம்கொடுக்கும் வரை பூத்துக்கொண்டே இருக்கும் ரகம். மூன்றாவது வரிசையில் ஜுவல்: இலையுதிர் காலத்தில் பகல் குறுகும்போது மொட்டு கட்டி, அடுத்த ஆண்டு வசந்தத்தில் பூத்து ஒரே மூச்சில் காய்த்து முடிக்கும் ரகம். இப்படி இரண்டையும் கலந்து வைப்பது வானிலைக்கு எதிராக ஒரு நல்ல காப்பு. ஜுவலின் பூவைப் பனி கொண்டுபோனால் அந்த வருட விளைச்சலில் பெரும்பங்கு போய்விடும். அல்பியன் அடுத்த சுற்று பூக்கும். கோடை நீண்டு வாட்டினால் அல்பியன் அடிபடும்; ஜுவல் அதற்குள் காய்த்து முடித்திருக்கும்.

நடும்போது கவனிக்க வேண்டியது ஆழம். இலைகளுக்கும் வேர்களுக்கும் நடுவே குட்டையாக, கெட்டியாக ஒரு தண்டு இருக்கிறது, அதுதான் கிரவுன். அதன் பாதி உயரத்துக்கு மண் வர வேண்டும். முழுக்கப் புதைந்தால் குருத்து அழுகும். மேலே தூக்கி நின்றால் புது வேர் விடும் இடம் காய்ந்து, செடி சில வாரத்தில் சோர்ந்துவிடும். வேரை விசிறிபோல விரித்து வைத்து, மண்ணை அழுத்தி, உடனே தண்ணீர் விட வேண்டும். நட்ட வருடத்தில் அல்பியனின் பூக்களை முதல் 4 முதல் 6 வாரம் கிள்ளிவிட வேண்டும். ஜுவலுக்கு அந்த வருடம் முழுக்க. மனம் வராது. ஆனால் வேர் பிடிக்காத செடி மோசமான வானிலை எதையும் தாங்காது.

இந்தச் செடிக்கு வேரின் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கிறது. வெள்ளமும் வறட்சியும் உறைபனியும் முதலில் தொடுவது அந்த அடுக்கைத்தான். மேலே சொன்ன மண், மேடு, இனி வரப்போகும் மூடாக்கு (மண்மேல் பரப்பும் வைக்கோல் போன்ற போர்வை) எல்லாம் அந்த 15 செ.மீ.யைக் காப்பாற்றத்தான்.

முதல் அடி: பூத்த இரவில் உறைபனி

இது இரண்டாம் ஆண்டு வசந்தம். செடிகளில் முதல் பூக்கள் விரிந்திருக்கின்றன. வானிலை அறிவிப்பு, குறைந்தபட்ச வெப்பம் 2 டிகிரி செல்சியஸ் என்கிறது. சுழிக்கு மேல்தானே என்று தூங்கப் போனால், விடியும்போது விரிந்த பூக்களின் நடு மஞ்சள் கறுத்திருக்கும்.

அறிவிப்பு பொய்யல்ல. அந்த வெப்பமானி ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கிறது. பூ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாகித் தரையோடு படியும். இரண்டு உயரங்களுக்கும் 2 முதல் 3 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். அதனால் பூவின் உயரத்திலேயே ஒரு குறைந்தபட்ச-அதிகபட்ச வெப்பமானியைக் குச்சியில் கட்டி வைப்பது, இந்த ஆய்வில் வரும் சாமான்களிலேயே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும்.

எந்த நிலை எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இறுக்கமாக மூடிய மொட்டு ஏறத்தாழ மைனஸ் 5.5 டிகிரி வரை தாங்கும். இதழ் வெளுத்து விரியத் தயாராக இருக்கும் மொட்டு மைனஸ் 3. விரிந்த பூ மைனஸ் 1 மட்டுமே. சின்னப் பச்சைக் காய் மைனஸ் 2 வரை. ஆக, ஒரே செடியில் விரிந்த பூ கருகியும் பக்கத்து மொட்டு பிழைத்தும் இருக்கும். வருத்தமான விஷயம், கொத்தில் முதலில் விரிவது நடுப்பூ. அதுதான் ஆகப் பெரிய பழம் தருவது. பனி முதலில் பறிப்பது அதைத்தான்.

கறுத்த பூவின் இதழ்கள் வெள்ளையாகவே இருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரியும். குனிந்து நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும்: மஞ்சள்பச்சையாக இருந்தால் உயிர், பழுப்போ கறுப்போ என்றால் காய் இல்லை. பாதி மட்டும் கறுத்திருந்தால் காய் பிடிக்கும், ஆனால் கோணலாக.

அந்தக் கோணலுக்கு ஒரு காரணம் உண்டு. நாம் தின்னும் சதை, பூவின் உறுப்புகளைத் தாங்கும் அடிப்பகுதியான பூத்தளம் வீங்கியது. மேலே புள்ளி புள்ளியாக இருக்கும் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றியுள்ள சதையை வளரச் சொல்லி ஆக்சின் என்ற ஊக்கியை அனுப்புகிறது. 1950-இல் நிட்ச் என்ற தாவரவியலாளர் வளரும் காயிலிருந்து விதைகளைக் கிள்ளி எடுத்து இதைக் காட்டினார். விதை எடுத்த இடத்தில் சதை வளரவில்லை. அங்கே ஆக்சின் கலந்த பசையைத் தடவியதும் வளர்ந்தது. ஆகவே பழத்தில் எங்கே சூம்பியிருக்கிறதோ, அங்கே விதை பழுதாகியிருக்கிறது.

காப்பு முறைக்கு வருவோம். இந்தப் பாத்திக்கு 2.2 மீட்டர் நீளமுள்ள வளையும் குழாய் 5 வேண்டும். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் 25 செ.மீ. மண்ணில் செருகினால் நடுவில் ஏறத்தாழ 45 செ.மீ. உயரமுள்ள வளைவு கிடைக்கும். நீளவாக்கில் 62 செ.மீ.க்கு ஒன்று. இதன்மேல் விரிக்கும் நெய்யாத துணி 2.3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் இருந்தால் நான்கு பக்கமும் தரையில் 30 செ.மீ. படியும். ஓரங்களைச் செங்கல்லோ மண்மூட்டையோ வைத்து அழுத்த வேண்டும். துணியின் கனம் முக்கியம்: சதுர மீட்டருக்கு 17 கிராம் என்ற மெல்லிய துணி 1 முதல் 2 டிகிரிதான் காக்கும், 50 கிராம் துணி 3 முதல் 4 டிகிரி காக்கும். பூக்காலத்துக்கு 50 கிராமே வேண்டும்.

துணி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, மண்ணில் இருப்பதைப் பிடித்துவைக்கிறது. பொழுது சாய்ந்து எல்லாம் சில்லிட்ட பிறகு போர்த்தினால் பிடித்துவைக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள், வெயில் இருக்கும்போதே மூட வேண்டும். முந்தின நாள் மண்ணை நன்றாக நனைத்திருக்க வேண்டும்; ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் விடும். துணி நேரடியாகப் பூமேல் படக் கூடாது, தொட்ட இடத்தில் பூ கருகும். வளைவு வைப்பது அதற்காக.

வைக்கோல் மூடாக்கு இந்த ஓர் இரவில் எதிரி என்பது பலருக்குத் தெரியாது. அது மண்ணின் வெப்பத்தை அடியிலேயே அடைத்துவிடுவதால் அதற்கு மேலுள்ள காற்று, வெறும் ஈரமண்ணுக்கு மேலுள்ள காற்றைவிடக் குளிரும். துணி போட வழியிருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் பனி எதிர்பார்க்கும் நாட்களில் செடிகளுக்கிடையே உள்ள வைக்கோலை ஓரமாக ஒதுக்கி மண்ணைத் திறந்துவைப்பது நல்லது.

தண்ணீர் தெளித்துக் காப்பது பெருந்தோட்டங்களின் முறை. தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பம் விடும். அதுதான் பூவைக் காக்கிறது. ஆனால் நடுவில் நிறுத்தினாலோ, வறண்ட காற்று வீசினாலோ, ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 600 கலோரியைப் பிடுங்கிக்கொண்டு போகும். பனிக்கட்டி தானாக உருகும்வரை இடைவிடாமல் தெளிக்க முடியாதவர்கள் இதைத் தொடவே கூடாது. வீட்டுத் தோட்டத்துக்குத் துணிதான்.

காலையில் உறைநிலை தாண்டியதும் துணியை எடுத்துவிட வேண்டும். மூடியபடி விட்டால் தேனீ வராது. பனியிலிருந்து தப்பிய பூ மகரந்தம் கிடைக்காமல் சூம்பும்.

இரண்டாம் அடி: ஒரு வார மழை

பனி போய் இரண்டாவது சுற்றுப் பூ விரியும்போது மழை பிடித்துக்கொள்கிறது. 15 முதல் 22 டிகிரி வெப்பம், நாள் முழுக்கச் சிணுங்கல். பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூசணத்துக்கு இதைவிட உகந்த பருவம் இல்லை. பழைய காய்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழித்த பூசணம் வித்துகளைப் பரப்பும். அவை பூவின் மேல் விழும். அரை நாளுக்கு மேல் ஈரம் நின்றால் உள்ளே நுழையும். நுழைந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும். காய் பச்சையாக இருக்கும் வரை எந்த அடையாளமும் தெரியாது. பூ விரிந்து பழம் பழுக்க ஏறத்தாழ 4 வாரம், குளிர்ந்த வானிலையில் இன்னும் கூட ஆகும். பழத்தில் இனிப்பு ஏறும்போது, பெரும்பாலும் காம்புப் பக்கமாக, பழுப்பு நிற மெத்தென்ற புண் தோன்றி ஓரிரு நாளில் சாம்பல் நிறப் பொடி பூக்கும். அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கலாம், "நல்ல வெயிலில் எப்படி அழுகியது?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

எனவே செய்ய வேண்டியதெல்லாம் பூவுக்கு முன்னும் பூவின்போதும்தான். வசந்தத் தொடக்கத்தில், புதுத்தழை வரும்போதே, கருகிய பழைய இலைகளை ஒன்றுவிடாமல் அகற்றிப் பாத்தியைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். பூசண மருந்து பயன்படுத்துகிறவர்களும் அதைப் பூக்காலத்தில், தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலையில், அடையாளச் சீட்டில் உள்ள அளவுப்படிதான் தெளிக்க வேண்டும். பழம் அழுகத் தொடங்கிய பிறகு தெளிப்பது, உள்ளே புகுந்துவிட்ட பூசணத்தை ஒன்றும் செய்யாது. நாம் தின்னப்போகும் பழத்தில் மருந்து ஏறுவதுதான் மிச்சம்.

மழைக்கு எதிரான நல்ல காப்பு, அதே வளைவுகளின் மேல் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள தெளிவான பாலித்தீன். துணியைப் போல ஓரங்களைத் தரையோடு மூடக் கூடாது. இருபக்கமும் 25 செ.மீ. திறந்திருக்க வேண்டும், முனைகள் இரண்டும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இது கூரை, கூண்டு ஆகிவிட்டால் உள்ளே ஈரம் தங்கி மழையைவிட மோசமாகும். மேகம் விலகி வெயில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே 30 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு பக்கத்தைச் சுருட்டி மேலே ஏற்றிவிட வேண்டும்.

மழைநாளில் தேனீ பறப்பதில்லை. ஒரு பூவின் நூற்றுக்கணக்கான சூல்முடிகளில் ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர்ந்தால்தான் பழம் முழு வடிவம் பெறும். கூரைக்கடியில் பூ உலர்ந்திருக்கும் நண்பகலில், மெல்லிய ஓவியத் தூரிகையால் பூவின் ஓரத்து மகரந்தப்பைகளை வருடி, நடுமேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும். 24 செடிக்குப் பத்து நிமிட வேலை. ஒன்றுவிட்டு ஒருநாள் செய்யலாம்.

பழம் சூம்பியிருந்தால் காரணத்தை விதையே சொல்லும். சூம்பிய பகுதியில் விதைகள் பொடியாக, வளராமல் இருந்தால் மகரந்தம் போதவில்லை. விதைகள் முழு அளவில், ஆனால் நெருங்கி நுனியில் குவிந்திருந்தால் அது சாறுறிஞ்சும் பூச்சியின் வேலை. மகரந்தம் கிடைத்து விதை வளர்ந்த பிறகு பூச்சி குத்தியிருக்கிறது. பூ விரிந்த நாளுக்குக் கணக்குப் போட்டு அன்று பனி விழுந்திருந்தால், ஒரே பருவத்துப் பழங்கள் பல செடிகளிலும் ஒரே மாதிரி கோணலாக இருந்தால், பனி. மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வு என்பதால் இதைப் பிரித்துப் பார்ப்பது வெறும் ஆராய்ச்சி அல்ல.

அழுகலும் ஒரே வகை இல்லை. சாம்பல் பொடி பூத்தால் பொட்ரைட்டிஸ். வட்டமாக, உள்வாங்கிய, கெட்டியான பழுப்புப் புள்ளி, ஈரத்தில் அதன் நடுவே இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கசிவு என்றால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோய். அது 25 டிகிரிக்கு மேலான வெதுவெதுப்பான மழையில், மண்ணிலிருந்தும் பக்கத்துச் செடியிலிருந்தும் தெறிக்கும் துளிகளால் பரவும். பழம் தோல்போல விறைத்து, நிறம் மங்கி, கசந்து, கெட்ட வாடை அடித்தால் தோலழுகல். தேங்கிய தண்ணீர் பழத்தைத் தொட்டதன் விளைவு. பின்னிரண்டுக்கும் மருந்தைவிட முதலில் வேண்டியது, பழத்துக்கும் மண்ணுக்கும் நடுவே 5 செ.மீ. வைக்கோல். தெறிப்பு நின்றால் பாதிச் சண்டை முடிந்தது. அழுகிய பழத்தைப் பறித்துப் பாத்தியிலேயே போடக் கூடாது. நல்ல பழம் பறிக்கும் கையால் அழுகியதைத் தொடவும் கூடாது. முதலில் நல்லது, பிறகு கெட்டது, பிறகு கைகழுவல். பழக்காலத்தில் 2 நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு நிறம் ஏறலாமே தவிர இனிப்பு ஏறாது. அதனால் முழுக்கச் சிவந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் மழை வருகிறது என்றால் முக்கால் சிவப்பிலேயே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கொஞ்சம் புளிக்கும் பழம் அழுகிய பழத்தைவிட மேல்.

மேட்டுப்பாத்தியில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால், குளிர்ந்த ஈரமண்ணில் வாழும் ஃபைட்டோப்தோரா என்ற நீர்ப்பூசணம் வேரைத் தாக்கும். செடி பின்னால் முதல் வெயிலில் வாடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். ஒரு செடியைப் பிடுங்கி, வேரை நகத்தால் நீளவாக்கில் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: வெளியே வெள்ளையாக இருக்கும் வேரின் நடுநரம்பு செங்கல் சிவப்பாக இருந்தால் செடியை மீட்க முடியாது. அந்த மண்ணில் மீண்டும் ஸ்ட்ராபெர்ரி வைக்காமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் அதன் வித்துகள் பல ஆண்டு உயிரோடிருக்கும்.

மூன்றாம் அடி: வெப்ப அலை

இன்றைய ஸ்ட்ராபெர்ரிக்குத் தாய்தந்தை இரண்டு காட்டுச் செடிகள். ஒன்று கிழக்கு வட அமெரிக்காவுடையது. மற்றொன்று சிலி நாட்டிலிருந்து ஃப்ரேசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1714-இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த, கடற்கரைக் குளுமையில் வளர்ந்த பெரும்பழச் செடி. இரண்டும் கலந்துதான் தோட்டத்துச் செடி உண்டானது என்று 1766-இல் எழுதியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் துஷேன். குளிரைத் தாங்கும் குணமும் பெரிய பழமும் இந்தக் கலப்பில் வந்தன. கடும் வெயிலைத் தாங்கும் குணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை.

அல்பியன் போன்ற ரகங்கள் கூட 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் புதுப் பூமொட்டு கட்டுவதை நிறுத்திவிடும். ஏற்கெனவே கட்டிய மொட்டுகள் விரிந்துகொண்டிருப்பதால் வெப்ப அலையின்போது எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அலை ஓய்ந்து, இதமான நாட்கள் திரும்பும்போதுதான் பூவில்லாத இடைவெளி வரும். அப்போது "செடி சோர்ந்துவிட்டது" என்று தழைச்சத்து கொடுப்பது வழக்கம். செடி இலையாகவும், தரையில் படர்ந்து புதுக்கன்று விடும் ஓடுதண்டாகவும் பெருக்கும். பூ இன்னும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது, ஓடுதண்டுகளை நறுக்கிவிட்டுத் தண்ணீரைச் சீராக வைத்துக் காத்திருப்பது.

தண்ணீர்க் கணக்கு எளிது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். வழக்கமான வாரத்துக்கு 25 மி.மீ. வேண்டும்: இந்தப் பாத்திக்கு 75 லிட்டர். வெப்ப அலையில் 50 மி.மீ.: 150 லிட்டர். மூன்று சொட்டுநீர்க் குழாய், 30 செ.மீ.க்கு ஒரு சொட்டி, மணிக்கு 2 லிட்டர் வீதம் 24 சொட்டிகள் என்றால் மணிக்கு 48 லிட்டர். சாதாரண வாரத்தில் அரைமணி நேரம் வீதம் மூன்று முறை. வெயில் காலத்தில் தினமும் விடியற்காலையில் 27 நிமிடம். வேர் ஆழமில்லாததால், வாரம் ஒருமுறை மொத்தமாக ஊற்றுவது வேருக்குக் கீழே போய்விடும். நடுவில் நான்கு நாள் செடி காய்ந்து நிற்கும்.

நிழல்வலை 30 முதல் 40 சதவீதம். 50-ஐத் தாண்டினால் ஒளி போதாமல் பழம் வெளுத்துச் சப்பென்றாகும். பனித்துணி போட்ட தாழ்ந்த வளைவிலேயே இதைப் போடக் கூடாது. சூடான காற்று அடியில் தேங்கும். 1 மீட்டருக்கு மேல் உயரமுள்ள நான்கு கம்புகளில் கட்டி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். மேற்கு வெயில்தான் கொடியது. வலையை அந்தப் பக்கம் ஒரு முழம் தொங்கவிடலாம். கறுப்புப் பிளாஸ்டிக் மூடாக்கு போட்டிருந்தால் அதன்மேல் வைக்கோல் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த 15 செ.மீ. வேர் அடுக்கு வெந்துவிடும். வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்து மெத்தென்ற பழங்கள், வெயில் சுட்டவை; நோயில்லை. இலையைக் கழித்துச் செடியைத் திறந்துவிட்டவர்களிடம் இது அதிகம்.

இலை ஓரங்கள் பழுப்பாகக் கருகினால் தண்ணீர்க் குறை மட்டுமே காரணமாக இருக்காது. ஸ்ட்ராபெர்ரி உப்புக்கு மிகவும் கூச்சப்படும் பயிர். மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸ் அளவைத் தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்குகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே தங்கும். உரமும் சேர்ந்தால் கூடும். வடிகால் நன்றாக இருந்தால் ஒரே தடவையில் 150 லிட்டர் மெதுவாக விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்கலாம். மழைநீர் சேமிப்பு இருந்தால் அதை இதற்கென்று வைத்துக்கொள்வது நல்லது.

வறண்ட வெயிலில் சிலந்திப்பேன் பெருகும். இலையின் மேல்பக்கம் வெண்புள்ளிகள், அடியில் நூல்போன்ற வலை. காலையில் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீச்சியடித்தால் அடங்கும். கண்ட பூச்சிமருந்தையும் தெளித்தால் பேனைத் தின்னும் நல்ல பேன்கள் முதலில் சாகும். இரண்டே வாரத்தில் கூட்டம் முன்னைவிடப் பெருகும்.

அறுவடைக்கும் குளிருக்கும் நடுவே

இங்கேதான் அடுத்த வருடத்து ஜுவல் விளைச்சல் முடிவாகிறது. காய்த்து முடித்த ஒரு வாரத்துக்குள் ஜுவல் வரிசையின் இலைகளைக் கிரவுனுக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே விட்டு வெட்டிவிட வேண்டும். புதுத்தழை நோயில்லாமல் வரும். அல்பியனுக்கு இந்த வெட்டு கூடவே கூடாது, அது இன்னும் பூத்துக் காய்த்துக்கொண்டிருக்கிறது. கலப்புப் பாத்தியில் எல்லா வரிசையையும் ஒரே வீச்சில் வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. வரிசைமுனையில் அடையாளக் குச்சி நடுவது அதற்காக. கோடைக் கடைசியிலிருந்து பகல் குறைந்து குளிர் ஏறும்போது ஜுவல் மொட்டு கட்டும். பழமில்லாத பாத்திதானே என்று அந்த வாரங்களில் தண்ணீரை நிறுத்தினால் அடுத்த வசந்தத்தின் பூக்களை நிறுத்தியதாகும். மழை இல்லாவிட்டால் அப்போதும் அதே 75 லிட்டர்.

நான்காம் அடி: உறைந்தும் உருகியும்

நிலையான குளிரைவிட ஆட்டம் காட்டும் குளிர் கெடுதல். பகலில் உருகி இரவில் உறையும் மண் விரிந்து சுருங்கி, செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். வேர் அறும், கிரவுன் காற்றுக்கு வெளிப்படும். மேட்டுப்பாத்தி பக்கவாட்டிலும் குளிர்வதால் இந்தத் தொல்லை அங்கே கூடுதல். மழைக்குக் காத்த உயரமே இப்போது பலவீனம்.

மூடாக்கு போடும் நாளைத் தேதி பார்த்து முடிவு செய்ய முடியாது. சில கடும்பனிகள் விழுந்து, இலைகள் தரையோடு படுத்து, மண் ஏறத்தாழ 4, 5 டிகிரிக்கு வந்து சில நாள் அங்கேயே நின்ற பிறகு, ஆனால் வெப்பம் மைனஸ் 7-க்கு இறங்குவதற்கு முன். சீக்கிரம் போட்டால் செடி குளிருக்குப் பழகாமல் அடியில் அழுகும். தாமதித்தால் கிரவுன் பழுதாகும். மூடாத கிரவுனுக்கு மைனஸ் 9 அளவிலேயே காயம் வரலாம். உதிர்வான வைக்கோல் 10 முதல் 15 செ.மீ.; பாத்தியின் பக்கச் சுவர்களிலும் சாய்த்து வைக்க வேண்டும். உதிர்ந்த மர இலைகள் நனைந்து படிந்து மூச்சை அடைத்துவிடும் என்பதால் அவை வேண்டாம். மேலே பழைய வலையொன்றைப் போட்டுக் கட்டினால் காற்று கொண்டுபோகாது. பனி பொழிந்து மூடினால் அதைத் தள்ளிவிடாதீர்கள், அதைவிட நல்ல போர்வை இல்லை.

வசந்தத்தில் வைக்கோலுக்கு அடியில் வெளிறிய மஞ்சள் குருத்து தலைகாட்டும்போது மூடாக்கை விலக்கி வரிசைகளுக்கிடையே இறக்க வேண்டும். பழக்காலத்தில் தெறிப்பைத் தடுக்க அதுவே உதவும். மேலே தள்ளப்பட்ட செடிகளை, மண் இளகிய உடனே விரலால் அழுத்தி, வெளிப்பட்ட வேர்மேல் மட்கிய உரம் கலந்த மண்ணை அணைக்க வேண்டும்.

தளிர் விடாமலோ, விட்டும் வளராமலோ நிற்கும் செடி இருந்தால், ஒன்றைப் பிடுங்கிக் கிரவுனைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெண்மையாக இருந்தால் நலம். முழுக்கப் பழுப்பாக இருந்தால் செடி போய்விட்டது. அடியும் ஓரமும் மட்டும் பழுப்பு என்றால் செடி பூக்கவும் செய்யும்; காய் சுமந்து வெயில் வரும்போது திடீரெனச் சரியும். அப்படிப்பட்ட வரிசையில் அந்தப் பருவம் பூவைக் கிள்ளிவிட்டுப் புதுவேர் விட வாய்ப்பு கொடுக்கலாம். 24-இல் ஏழெட்டுக்கு மேல் அப்படி இருந்தால் இடைநடவு செய்வதைவிடப் பாத்தியையே புதிதாக, வேறு இடத்தில், நோயற்ற கன்றுகளால் தொடங்குவது மேல். சொந்த ஓடுதண்டுகளை எடுத்து நட்டால் ஆந்த்ராக்னோஸும் வேரழுகலும் கூடவே குடிபோகும். புது இடம் கடந்த நான்கு ஆண்டுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு விளைந்த இடமாக இருக்கக் கூடாது. அவற்றை வாட்டும் வெர்ட்டிசிலியம் பூசணம் மண்ணில் தங்கியிருந்து ஸ்ட்ராபெர்ரியின் வெளிவட்ட இலைகளை முதலில் காயவைத்து, பிறகு செடியை முழுக்க எடுத்துக்கொள்ளும்.